ஊர்ப் பக்கத்தில் ஊட்டச்சத்து: கிராமத்துச் சாப்பாட்டுச் செய்தியைச் சிங்கப்பூரிலிருந்து வாசிக்கவும் எழுதவும் முழுமையான வழிகாட்டி

சிங்கப்பூரில் இன்று கிராமங்கள் அநேகமாக மறைந்துவிட்டன. ஆனாலும் புதுக்கோட்டை, சிவகங்கை, திருவாரூர், அரியலூர் மாவட்டச் செய்திகளைக் கைப்பேசியில் புரட்டிவிட்டு வேலைக்குக் கிளம்புகிறவர்கள் இங்கே ஏராளம். அங்கே ஓர் அங்கன்வாடியில் (சிறு குழந்தைகளுக்கான அரசு மையத்தில்) முட்டை வரவில்லை என்று செய்தி வந்தால், அன்று மாலைக்குள் ஊர்ச் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் பணம் திரட்டும் பேச்சு தொடங்கிவிடும். இவ்வளவு வேகமாக மக்களை அசைக்கும் செய்தி சரியாக எழுதப்பட்டிருக்க வேண்டாமா?

பள்ளி இதழிலும் சமூக மன்ற வெளியீட்டிலும் எழுதத் தொடங்கும் இளையர்கள், தமிழ் நாளிதழ்களுக்குக் கட்டுரை அனுப்புகிறவர்கள், ஊர்ச் சங்கப் பொறுப்பாளர்கள் ஆகியோருக்காக இந்த வழிகாட்டி. தமிழ்நாட்டுக் கிராமங்களின் ஊட்டச்சத்து பற்றிய செய்தியை எப்படி எடைபோடுவது, சிங்கப்பூரில் இருந்தபடியே அப்படி ஒரு செய்தியை எப்படிச் சரியாக எழுதுவது என்று படிப்படியாகச் சொல்கிறோம்.

படி 1: ஒரு மாதச் செய்திகளைப் பிரித்துப் பாருங்கள்

எழுதுமுன் வாசிக்க வேண்டும். ஏதாவது ஒரு மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்து, அதற்கான நாளிதழ்ப் பக்கங்களில் ஒரு மாதம் வந்த உணவு, சத்து, சத்துணவு (அரசு தரும் பள்ளி மதிய உணவு) தொடர்பான செய்திகளை எல்லாம் சேருங்கள். பிறகு ஒவ்வொன்றும் எதனால் செய்தியானது என்று குறியுங்கள். பெரும்பாலானவை மூன்று வகைக்குள் அடங்கிவிடும். சமுதாய வளைகாப்பு (கர்ப்பிணிகளுக்கு அரசு கூட்டாக நடத்தும் வளைகாப்பு), ஊட்டச்சத்து மாதப் பேரணி, ஊட்டச்சத்துப் பெட்டகம் வழங்கல் போன்ற விழாக்கள் ஒரு வகை. சத்துணவு சாப்பிட்ட மாணவர்களுக்கு வாந்தி, மயக்கம் என்ற விபத்துகள் இரண்டாம் வகை. முருங்கைக்கீரையின் நன்மைகள், கேழ்வரகின் மகிமை போன்ற குறிப்புகள் மூன்றாவது.

இந்த மூன்றுக்கும் நடுவேதான் உண்மையான செய்தி இருக்கிறது. ஒரு குழந்தையின் எடை மார்ச்சிலிருந்து ஜூன் வரை கூடாமலே நிற்பதற்கு விழா இல்லை, ஆம்புலன்ஸ் இல்லை, படமும் இல்லை. அதனால் அது அச்சாவதில்லை.

இதற்கு நிருபர்களைக் குறைசொல்வது நியாயமல்ல. ஊராட்சி ஒன்றிய அளவில் செய்தி தருகிறவர்கள் பெரும்பாலும் பகுதிநேர நிருபர்கள். அச்சாகும் செய்திக்குத்தான் சன்மானம். சிலர் விளம்பரமும் பிடித்துத் தர வேண்டும். மாவட்ட மக்கள் தொடர்பு அலுவலகத்திலிருந்து வரும் செய்திக்குறிப்பு அரைமணி நேரத்தில் செய்தியாகிவிடும். பத்து வீடுகளுக்குச் சென்று எழுதும் செய்திக்கு இரண்டு நாள் ஆகும், பேருந்துச் செலவும் அவருடையது. தொலைவில் உட்கார்ந்து எழுதுகிற நமக்கு அந்த அவசரம் இல்லை. அதுதான் நமக்குள்ள ஒரே சாதகம், அதைப் பயன்படுத்த வேண்டும்.

பிரிக்கும்போது தேதியையும் பாருங்கள். ஆகஸ்ட் முதல் வாரம் தாய்ப்பால் வாரம், செப்டம்பரை ஒட்டித் தேசிய ஊட்டச்சத்து மாதம். செய்திகள் இந்த இரண்டு மாதங்களில் குவிந்து மற்ற மாதங்களில் வற்றிப்போனால், அந்த நாளிதழ் அரசு நாட்காட்டியைப் பின்பற்றுகிறது என்று பொருள்.

படி 2: கேள்வியைச் சிறிதாக்குங்கள்

“கிராமங்களில் ஊட்டச்சத்துக் குறைபாடு” என்ற தலைப்பில் யாராலும் நல்ல கட்டுரை எழுத முடியாது. ஒரு ஊராட்சி, ஒரு வயதுப் பிரிவு, ஒரு பருவம் என்று குறுக்குங்கள். “இந்த ஊராட்சியில் 6 மாதம் முதல் 2 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு நடவுக் காலத்தில் யார் சோறூட்டுகிறார்கள்?” என்பது பதில் கிடைக்கக்கூடிய கேள்வி. தாய் காலை ஏழு மணிக்கே வயலுக்குப் போய்விட்டால், குழந்தைக்கு நண்பகல் வரை கிடைப்பது என்ன என்பதிலேயே ஒரு முழுச் செய்தி இருக்கிறது.

வயது முக்கியம் என்பதற்குக் காரணம் உண்டு. ஆறு மாதத்துக்குப் பிறகு தாய்ப்பால் மட்டும் போதாது. இரண்டு வயதுக்குள் விழும் உயரக் குறைவைப் பின்னர் ஈடுகட்டுவது கடினம். பள்ளிச் சத்துணவும் காலை உணவும் ஐந்து வயதுக்கு மேல் பள்ளிக்கு வரும் பிள்ளைகளுக்கானவை. ஆக, பள்ளிச் சாப்பாட்டை மட்டுமே எழுதும் நாளிதழ் மிக முக்கியமான வயதைத் தவறவிடுகிறது.

படி 3: எண்களைக் கையாளுங்கள்

அதிகம் தவறு நேர்வது இங்கேதான். பொறுமையாக வாசியுங்கள்.

இந்தியாவின் தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று 2019–21 ஆண்டுகளில் நடந்தது. தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் 25.0 விழுக்காடு, உயரத்துக்கேற்ற எடை இல்லாதவர்கள் 14.6 விழுக்காடு, வயதுக்கேற்ற எடை இல்லாதவர்கள் 22.0 விழுக்காடு. இவை மூன்றும் வெவ்வேறு நிலைகள். உயரக் குறைவு நெடுநாள் பற்றாக்குறையைக் காட்டுகிறது. உயரத்துக்கேற்ற எடை குறைவது அண்மையில் வந்த பட்டினியையோ நோயையோ காட்டுகிறது. மூன்றையும் “சத்துக்குறைபாடு” என்று ஒரே சொல்லில் போட்டால் வாசகருக்கு எதுவும் தெரியாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2006ஆம் ஆண்டு வளர்ச்சி அளவுகோலில் நடு அளவிலிருந்து இரண்டு திட்ட விலக்கத்துக்குக் (அளவுகள் எவ்வளவு பரவியிருக்கின்றன என்று காட்டும் புள்ளியியல் அலகு) கீழே இருந்தால் குறைவு, மூன்றுக்குக் கீழே இருந்தால் கடுமையான குறைவு. இந்த விளக்கத்துக்குக் கட்டுரையில் ஒரு வரியாவது ஒதுக்குங்கள்.

இனி ஒப்பீடு. 2015–16இல் நடந்த நான்காம் சுற்றில் உயரக் குறைவு 27.1 விழுக்காடு. அது 25.0 ஆனது. “2.1 விழுக்காட்டுப் புள்ளி குறைந்தது” என்பது சரி. “2.1 விழுக்காடு குறைந்தது” என்பது தவறு, ஏனெனில் 27.1இல் 2.1 என்பது ஏறத்தாழ 8 விழுக்காடு. அதே இரண்டு சுற்றுகளுக்கிடையே, ஆறு மாதம் முதல் 59 மாதம் வரையுள்ள குழந்தைகளிடம் ரத்தசோகை 50.7இலிருந்து 57.4ஆகக் கூடியது. ஒரே ஆய்வை வைத்துக்கொண்டு ஒருவர் “தமிழ்நாட்டுக் குழந்தைகள் முன்னேற்றம்” என்றும், இன்னொருவர் “தமிழ்நாட்டுக் குழந்தைகள் நிலை மோசம்” என்றும் தலைப்பிடலாம், இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. நேர்மையான செய்தியில் இரண்டு எண்ணும் ஒரே பத்தியில் வரும்.

ரத்தசோகை எண்ணில் இன்னொரு கண்ணி உண்டு. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 12 கிராமுக்குக் கீழே போனாலே இந்தக் கணக்கில் சேர்ந்துவிடுவார், 11.8 உள்ளவரும் 7.5 உள்ளவரும் ஒரே எண்ணுக்குள் இருக்கிறார்கள். லேசானது எவ்வளவு, மிதமானது எவ்வளவு, கடுமையானது எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். ஆய்வில் விரல் நுனியில் எடுத்த ரத்தம் சோதிக்கப்பட்டது. கை ரத்தக்குழாயில் ஊசியால் எடுத்துச் சோதித்தால் எண் மாறக்கூடும். மருத்துவமனை எண்ணையும் ஆய்வு எண்ணையும் அருகருகே வைத்து “கூடியது”, “குறைந்தது” என்று எழுதாதீர்கள்.

கடைசியாக, ஆய்வின் எல்லை. ஐந்தாம் சுற்று 707 மாவட்டங்களில் 6,36,699 வீடுகளைப் பார்த்தது. மாவட்டத்துக்குச் சராசரி 900 வீடுகள். அதை வைத்து ஒரு ஒன்றியத்தைப் பற்றியோ ஒரு கிராமத்தைப் பற்றியோ எதுவும் சொல்ல முடியாது. மாவட்ட அறிக்கையில் சில எண்கள் அடைப்புக்குறிக்குள் இருக்கும்: 25 முதல் 49 பேரை மட்டும் வைத்துக் கணக்கிட்டவை அவை. நட்சத்திரக் குறி இருந்தால் 25 பேர்கூட இல்லை என்று பொருள். அடைப்புக்குறியைக் கழற்றிவிட்டு எண்ணை மட்டும் அச்சிடுவது மாவட்டப் பக்கங்களில் அடிக்கடி நடக்கும் பிழை.

படி 4: அங்கன்வாடி அளவு எப்படி எடுக்கப்பட்டது என்று கேளுங்கள்

1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தின் கீழ் அங்கன்வாடிகள் நடக்கின்றன. கிராம அளவிலான எடை, உயர விவரம் அங்கேதான் கிடைக்கும். 2021 முதல் அந்த விவரங்கள் கைப்பேசிச் செயலியில் ஏற்றப்படுகின்றன. இந்த எண், மையத்தில் பதிவாகி அளவெடுக்கப்பட்ட குழந்தைகளை மட்டும் கணக்கிடுகிறது. செங்கல் சூளைக்கு இடம்பெயர்ந்த குடும்பத்தின் குழந்தை இதில் இருக்காது. ஆகவே “எத்தனை விழுக்காடு?” என்பதைக் கேட்குமுன், “இந்த ஊரில் ஐந்து வயதுக்குட்பட்டவர்கள் மொத்தம் எத்தனை பேர், அதில் இந்த மாதம் எத்தனை பேரை அளந்தீர்கள்?” என்று கேளுங்கள்.

தொலைபேசியில் பணியாளரிடம் கேட்க வேண்டியவை இவை:

– எடை இயந்திரம் எந்த வகை, கடைசியாக எப்போது சரிபார்த்தார்கள்?
– இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையைப் படுக்கவைத்து நீளம் எடுக்கிறார்களா, நிற்கவைத்தா? படுத்த அளவு, நின்ற அளவைவிட ஏறத்தாழ 0.7 செ.மீ. கூடுதலாக வரும். மாற்றி எடுத்தால் குழந்தை ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்குத் தாவிவிடும்.
– பிறந்த தேதி சான்றிதழிலிருந்து எழுதப்பட்டதா, தாய் சொன்னதா?
– கையின் மேற்பகுதிச் சுற்றளவு எடுத்தார்களா? ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை, 11.5 செ.மீ.க்குக் கீழே கடும் மெலிவு; 11.5 முதல் 12.5 வரை மிதமான மெலிவு.

பதிவேட்டின் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்வதானால், பெயர்களை மறைக்கச் சொல்லுங்கள். எடைகள் எல்லாம் 9, 10, 11 என்று முழு எண்களாகவோ, பாதிக்கு மேல் .0, .5 என்றோ முடிந்தால் அளவு கண்மதிப்பில் எழுதப்பட்டிருக்கலாம். அதற்காகப் பணியாளரைக் குற்றவாளியாக்கிவிடாதீர்கள். ஒருவரே சமைக்கவும், பிள்ளைகளைப் பார்க்கவும், செயலியில் ஏற்றவும், கூட்டத்துக்குப் போகவும் வேண்டியிருக்கும் மையங்கள் உள்ளன. உதவியாளர் பணியிடம் காலியா என்று கேட்டு, அதையும் எழுதுங்கள்.

படி 5: தட்டில் என்ன இருந்தது

“சத்தான உணவு சாப்பிடுகிறீர்களா?” என்று கேட்டால் எந்த அம்மாவும் “சாப்பிடுகிறோம் தம்பி” என்றுதான் சொல்வார். கேள்வியை நேற்றைய பொழுதின் வழியே கொண்டுபோங்கள். “நேத்துக் காலையில எழுந்ததும் முதல்ல என்னம்மா குடிச்சீங்க?” என்று தொடங்கி, தூங்கப் போகும்வரை வரிசையாகக் கேளுங்கள். முடித்ததும் மறந்தவற்றைத் தூண்டுங்கள்: டீயோடு பிஸ்கட்? வேலைக்காட்டில் வெற்றிலை? பிள்ளை மிச்சம் வைத்ததைச் சாப்பிட்டீர்களா? பிறகுதான் அளவு. கிராம் கேட்காதீர்கள், கரண்டி, கிண்ணம், கைப்பிடி என்று கேளுங்கள். திருவிழா நாளையோ துக்க வீட்டு நாளையோ கணக்கில் எடுக்காதீர்கள்.

கிடைத்த பதிலைப் பத்து உணவுத் தொகுப்புகளாகப் பிரிக்கலாம்: தானியமும் கிழங்கும், பருப்பு வகை, கொட்டையும் விதையும், பால் வகை, இறைச்சி அல்லது மீன், முட்டை, கரும்பச்சைக் கீரை, ஏ வைட்டமின் மிகுந்த பிற காய்கனி, மற்றக் காய்கள், மற்றப் பழங்கள். ஒரு தொகுப்பிலிருந்து குறைந்தது 15 கிராம் சாப்பிட்டிருந்தால்தான் எண்ணலாம். 15 முதல் 49 வயதுப் பெண்களுக்குப் பத்தில் ஐந்து என்பது குறைந்தபட்சம்.

ஒரு மாதிரி. காலையில் பழைய சோறும் வெங்காயமும், நண்பகல் சோறு, கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு, மாலை டீ, இரவு இட்லி, தக்காளிச் சட்னி. நான்கு வேளை போலத் தோன்றினாலும், தானியம், இட்லியின் உளுந்து, மற்றக் காய்கள் என்று மூன்று தொகுப்புதான். டீயில் ஊற்றிய பால் 15 கிராமை எட்டாவிட்டால் சேராது. ஒரு முட்டையும் ஒரு கரண்டி கீரைப் பொரியலும் சேர்ந்திருந்தால் ஐந்து. எது குறைந்தது, அதன் விலை அந்த ஊர்க் கடையில் எவ்வளவு என்று எழுதும்போது செய்தி உயிர்பெறுகிறது.

இந்த அளவுகோல் ஒரு கூட்டத்தின் நிலையைச் சொல்வதற்கானது. ஒரே ஒரு பெண்ணின் ஒரு நாளை வைத்து “இவர் சத்துக்குறைவானவர்” என்று எழுதக் கூடாது. குறைந்தது இருபது முப்பது வீடுகளாவது கேட்டுவிட்டு, “கேட்ட இத்தனை பேரில் இத்தனை பேர்” என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

சிங்கப்பூரில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவிலும் தங்குவிடுதிகளிலும் சந்திக்கும் ஊழியர்களிடம், வீட்டுக்கு அனுப்பும் பணத்தில் சாப்பாட்டுக்கு எவ்வளவு போகிறது, கடன் அடைப்புக்கு எவ்வளவு போகிறது என்று கேட்கலாம். முகவருக்குக் கொடுக்க வாங்கிய கடன் தீரும்வரை வீட்டில் பாலும் முட்டையும் குறைகிறதா என்ற கேள்வியை மாவட்ட நிருபரைவிட இங்குள்ளவரே நன்றாகக் கேட்க முடியும். அண்ணன், தம்பி என்று பேசத் தொடங்கி, பெயரும் நிறுவனமும் அச்சாகாது என்று முதலிலேயே உறுதி சொல்லுங்கள். சொன்னதைக் காப்பாற்றுங்கள்.

படி 6: திட்டத்தைக் கிராமாக மாற்றுங்கள்

“மாதம் 20 கிலோ இலவச அரிசி” என்ற வரி எல்லாச் செய்தியிலும் வரும். அதை வகுத்துப் பார்ப்பவர்கள் குறைவு. நான்கு பேர் குடும்பத்துக்கு 20 கிலோ என்றால் ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 167 கிராம், சுமார் 580 கலோரி. நியாயவிலைக் கடையில் 30 ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு கிலோ துவரம்பருப்பை அதே குடும்பத்துக்குப் பிரித்தால் ஒருவருக்கு நாளொன்றுக்கு 8 கிராம் சொச்சம். ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டலில், 2,000 கலோரி உணவுக்குப் பருப்பு வகை 85 கிராம். இந்த இரண்டு எண்ணையும் அருகருகே வைத்தாலே போதும், கிராமத்துச் சாப்பாட்டில் எங்கே பள்ளம் என்று வாசகருக்கே தெரிந்துவிடும்.

பள்ளிச் சாப்பாட்டுக்கும் இதேதான். காமராஜர் ஆட்சியில் 1956இல் மதிய உணவு விரிவடைந்தது, எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1982 ஜூலை 1 அன்று சத்துணவுத் திட்டம் தொடங்கியது. 2022 செப்டம்பர் 15 முதல் காலை உணவும் சேர்ந்தது. இந்த வரலாற்றை எல்லோரும் எழுதுகிறார்கள். எழுதப்படாதது அன்றைய பாத்திரத்தின் கணக்கு. தேசிய அளவுப்படி தொடக்கப்பள்ளிப் பிள்ளை ஒருவருக்கு 100 கிராம் தானியம், 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய், 5 கிராம் எண்ணெய். 80 பிள்ளைகள் வந்த நாளில் 8 கிலோ அரிசி, 1.6 கிலோ பருப்பு, 4 கிலோ காய், 400 கிராம் எண்ணெய் தேவை. தமிழ்நாட்டுப் பட்டியலில் பருப்பும் பயறும் கிழமைக்குக் கிழமை மாறும் என்பதால் அந்த நாளுக்கான பட்டியலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு ஒரே கேள்வி: “இன்னைக்கு எத்தனை கிலோ காய் நறுக்கினீங்க அக்கா?” காய்க்கான பணம் விலைவாசிக்கு ஏற்ப உயராததால்தான் பல இடங்களில் சாம்பாரில் காய் குறைகிறது. சத்துணவு மையத்தை நடத்தும் அமைப்பாளர் திருடுகிறார் என்று முடிவுகட்டுமுன், அந்த வாரச் சந்தை விலையில் ஒதுக்கீட்டுப் பணத்துக்கு எவ்வளவு காய் வாங்கலாம் என்று கணக்கிட்டுப் பாருங்கள்.

சமுதாய வளைகாப்புச் செய்திக்கும் உயிர் கொடுக்கலாம். எத்தனை பேருக்கு வளையல் என்பதோடு, அவர்களில் எத்தனை பேருக்கு ஹீமோகுளோபின் 11க்குக் கீழே என்றும் கேளுங்கள். கர்ப்பக் காலத்தில் 60 மி.கி. இரும்புச்சத்து மாத்திரை 180 நாள் சாப்பிட வேண்டும். சென்ற மாதம் கையிருப்பு தீர்ந்த நாட்கள் எத்தனை, வயிற்றுப் புரட்டலால் நிறுத்தியவர்கள் எத்தனை பேர் என்பவை அடுத்த கேள்விகள்.

படி 7: “சத்துணவில் பல்லி”

இந்தத் தலைப்பு வராத ஆண்டே இல்லை. வீட்டுப் பல்லி நஞ்சுள்ள உயிரினம் அல்ல. அதன் உடலிலும் எச்சத்திலும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். நன்கு கொதித்தால் அது செத்துவிடும். சமைத்த பின் விழுந்து, உணவு வெதுவெதுப்பாகப் பல மணி நேரம் கிடந்தால்தான் சிக்கல்.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது நேரம். சமைத்து இறக்கியது எத்தனை மணிக்கு, பரிமாறியது எத்தனை மணிக்கு, முதல் பிள்ளை வாந்தி எடுத்தது எத்தனை மணிக்கு? சாப்பிட்டு ஒன்று முதல் ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி என்றால் கைப்புண்ணிலிருந்து வரும் ஸ்டாஃபிலோகாக்கஸ் நச்சையோ, ஆறிய சோற்றில் பெருகும் பேசில்லஸ் சீரியஸ் நச்சையோ மருத்துவர்கள் சந்தேகிப்பார்கள். இந்த நச்சுகள் மீண்டும் சூடாக்கினாலும் போவதில்லை. ஆறு மணி நேரத்துக்குப் பிறகு, மூன்று நாள்வரைகூட, காய்ச்சலோடு வயிற்றுப்போக்கு என்றால் சால்மொனெல்லா போன்றவை. பல்லியைப் பார்த்த சில நிமிடங்களிலேயே பலர் மயங்கினால் அச்சமும் காரணமாகலாம்; அந்தப் பிள்ளைகளையும் மருத்துவமனைக்கு அழைத்துப் போகத்தான் வேண்டும், அவர்கள் நடித்தார்கள் என்று எழுதக் கூடாது.

பிறகு உணவு மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்களா, முடிவு எப்போது வரும் என்று கேட்டுத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். முடிவு வரும்வரை “பல்லி விழுந்ததால்” என்று காரணம் எழுதாதீர்கள். “பல்லி கிடந்ததாகப் பெற்றோர் கூறினர்” என்பதுடன் நிறுத்துங்கள். முடிவு வந்ததும் கட்டாயம் எழுதுங்கள். மாவட்டப் பக்கங்களில் அதிகம் விடுபடுவது இந்த இரண்டாம் செய்திதான்.

சிங்கப்பூர் வாசகருக்கு இது அன்னியமான விஷயமல்ல. விடியற்காலையில் பொட்டலமாகி, நண்பகல் கட்டுமானத் தளத்தில் பிரிக்கப்படும் சோற்றுக்கும் இதே விதிதான். சமைத்த உணவை 60 பாகைக்கு மேல் சூடாக வைக்க வேண்டும், இல்லையேல் நான்கு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். உணவு வழங்கும் நிறுவனங்கள் சாப்பிட்டு முடிக்க வேண்டிய நேரத்தைக் குறித்து அனுப்ப வேண்டும் என்பது இங்குள்ள விதிமுறை. இரண்டு ஊரையும் இணைத்து எழுத இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது.

படி 8: கீரை, கேழ்வரகு, “பிளாஸ்டிக்” அரிசி

“முருங்கைக்கீரையில் இரும்புச்சத்து கொட்டிக்கிடக்கிறது” என்ற குறிப்பை அச்சிடுமுன், அந்த எண் பச்சைக் கீரைக்கா, உலர்ந்த பொடிக்கா என்று பாருங்கள். பச்சைக் கீரையில் முக்கால் பங்கு தண்ணீர். பொடியின் எண்ணை எடுத்துப் பொரியலுக்குப் போட்டால் பல மடங்கு தவறாகிவிடும். இந்திய உணவுச் சத்து அட்டவணையின்படி 100 கிராம் பச்சை முருங்கைக்கீரையில் இரும்பு சுமார் 4.6 மி.கி. ஒருவேளைக்கு 50 கிராம் கீரை என்றால் 2.3 மி.கி. வயது வந்த பெண்ணின் ஒருநாள் பரிந்துரை 29 மி.கி. கீரை நல்ல உணவுதான். ரத்தசோகைக்கு மாத்திரைக்குப் பதில் கீரை போதும் என்று எழுதுவது ஆபத்து. எலுமிச்சை பிழிந்து சாப்பிடுவது, சாப்பாட்டோடு டீ குடிக்காமலிருப்பது போன்ற எளிய குறிப்புகளுக்கு அந்த இடத்தைக் கொடுங்கள். கேழ்வரகிலும் இப்படித்தான்: 100 கிராமுக்கு 364 மி.கி. கால்சியம் என்ற எண் சரி, ஆனால் ஒரு சொம்புக் கூழில் மாவு 40 கிராம் இருந்தால் கிடைப்பது ஏறத்தாழ 146 மி.கி. மட்டுமே. நாட்டுச் சர்க்கரையும் கருப்பட்டியும் நீரிழிவு உள்ளவருக்குச் சர்க்கரைதான்.

செறிவூட்டப்பட்ட அரிசி பற்றி வதந்தி அதிகம். நியாயவிலைக் கடை அரிசியில் நூறுக்கு ஒன்று என்ற அளவில் கலக்கப்படும் அந்த மணிகள், அரிசி மாவில் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து அச்சில் வார்க்கப்பட்டவை. நிறம் சற்று வேறாக இருக்கும், களையும்போது சில மிதக்கும். அதைப் பார்த்து “பிளாஸ்டிக் அரிசி” என்று எழுதிய செய்தியால் மக்கள் அந்த மணிகளைப் பொறுக்கி எறிகிறார்கள். செய்தியாளர் செய்ய வேண்டியது, அந்த மணி என்ன என்று விளக்குவதும், கலப்பு விகிதத்தை யார் சோதிக்கிறார்கள் என்று கேட்பதும்.

படி 9: தொலைவிலிருந்து உறுதிப்படுத்துதல்

சிங்கப்பூர் நேரம் இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. அங்கன்வாடிப் பணியாளருக்கு அங்கே பிற்பகல் இரண்டு மணிக்கு, அதாவது இங்கே நாலரைக்கு அழையுங்கள். பிள்ளைகள் சாப்பிட்டுத் தூங்கும் நேரம் அது. ஒரே தகவலை மூன்று பேரிடம் கேளுங்கள்: பணியாளர், பயன்பெறும் தாய், இருவருக்கும் சம்பந்தமில்லாத ஒருவர். உள்ளூர் நிருபரைத் துணைக்கு வைத்துக்கொண்டால் அவர் பெயரும் கட்டுரையில் வர வேண்டும், சன்மானமும் போக வேண்டும்.

ஆவணம் வேண்டுமானால் தகவல் உரிமைச் சட்டம் 2005 உதவும். இந்தியக் குடிமக்கள் மட்டுமே மனுப்போட முடியும் என்பதால், சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றவர்கள் ஊரிலுள்ள உறவினர் வழியாகக் கேட்க வேண்டும். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். “ஊட்டச்சத்து நிலை பற்றிய விவரம்” என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். எந்த மையம், எந்த மாதங்கள், முட்டை வரவு, வழங்கல், இருப்பு என்று கேளுங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில் கிராமசபை (ஊராட்சி வாக்காளர்களின் பொதுக்கூட்டம்) கூடும். அதில் எழுந்த கேள்விகளையும் தீர்மானங்களையும் கேட்டு வாங்குங்கள்.

செய்தியின் அடியில் வங்கிக் கணக்கு எண் போடச் சொல்லிக் கோரிக்கை வரும். அவசரப்படாதீர்கள். வெளிநாட்டு அறப்பணிக்காகச் சிங்கப்பூரில் பொதுமக்களிடம் நிதி திரட்ட அறக்கட்டளை ஆணையரின் அனுமதி தேவை. இந்தியாவில் பணம் பெறும் அமைப்பு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றிருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் எண்ணை அச்சிட்டால் சிக்குவது அந்த அங்கன்வாடியும் உங்கள் வாசகரும்தான்.

படி 10: எழுதி, வெளியிட்டு, பின்தொடர்தல்

முதல் பத்தியில் இடம், காலம், யாரை எண்ணினோம் என்ற மூன்றும் இருக்கட்டும். “அதிர்ச்சி”, “பகீர்” வேண்டாம். “பாதிக் குழந்தைகள் பட்டினி” என்ற தலைப்பைவிட “மையத்தில் அளந்த 42 குழந்தைகளில் 9 பேருக்கு உயரத்துக்கேற்ற எடை இல்லை” என்பது நீளமானது, ஆனால் நிற்கும். (இந்த எண்கள் மாதிரிக்கு மட்டும்.)

விலா எலும்பு தெரியும் குழந்தையின் முகத்தை அச்சிடாதீர்கள். பெற்றோர் ஒப்புக்கொண்டாலும், அந்தப் பிள்ளை பத்து ஆண்டு கழித்துத் தன் படத்தைத் தேடி எடுக்கும். எடை இயந்திரம், பதிவேடு, சமையற்கட்டு, தட்டு ஆகியவற்றைப் படமெடுக்கலாம். ரூபாயைச் சிங்கப்பூர் வெள்ளியில் மட்டும் எழுதினால் எல்லாம் மலிவாகத் தோன்றும். அந்த ஊரின் ஒரு நாள் கூலியில் அது எத்தனை பங்கு என்றும் சேர்த்து எழுதுங்கள்.

வெளியானதும் கட்டுரையை ஊரில் பேசியவர்களுக்கு அனுப்பி, பிழை இருந்தால் சொல்லச் சொல்லுங்கள். எண் பிழை என்றால் அடுத்த இதழிலேயே திருத்தம் போடுங்கள். பிறகு நாட்காட்டியில் இரண்டு தேதி குறியுங்கள். ஒரு மாதம் கழித்து அதிகாரி வாக்களித்த இயந்திரமோ முட்டையோ வந்ததா என்று கேட்க ஒன்று. ஆறு மாதம் கழித்து, அதே மையத்தில் அதே குழந்தைகளின் எடையை மறுபடி கேட்க இன்னொன்று. இரண்டாவது அழைப்பில் சில பிள்ளைகளின் பெயர் பதிவேட்டில் இருக்காது. பள்ளிக்குப் போய்விட்டார்களா, குடும்பம் இடம்பெயர்ந்ததா, வேறு காரணமா என்று ஒவ்வொருவரைப் பற்றியும் தனித்தனியாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.